அரவை ஆலையும் பேருந்தும்

பின்னலாடைக்குப் பெயர்பெறுமுன் திருப்பூர் பருத்திச் சந்தையாகவே அறியப்பட்டது. கொங்கு நாட்டு மோட்டார் வரலாற்றின் ஒரு வேரும் அச்சந்தையில்தான் கிடக்கிறது. சூலூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் அரவைத் தொழிலைத் திருப்பூரில் நடத்திப் பொருளீட்டி, பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதை இழந்து திரும்பிய பின்னரே பேருந்துத் தொழிலில் இறங்கினார். அதற்கும் முன்பே, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, கோவை உணவகமொன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, ‘ரட்ஜ்’ வண்டி ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திர அறிவு பெற்றிருந்தார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒற்றைப் பேருந்து, பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாயிற்று.

வானூர்தி வரலாற்றுக்கோ சென்னையை நோக்க வேண்டும்: விடுதி நடத்திய டி ஆஞ்செலிஸ், சிம்ப்சன் பட்டறையில் உருவான, ஈரடுக்கு இறக்கை கொண்ட விமானத்தை 1910-இல் அங்குப் பறக்கவிட்டார். மறந்துபோன அச்செய்தியைப் பொதுமக்களிடம் மீண்டும் கொண்டுசேர்த்ததில் எஸ். முத்தையா போன்ற ஆர்வலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. திருப்பூருக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். பழைய பேருந்து உரிமங்களையும் ஒளிப்படங்களையும் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய தாள்களோடு எடைக்குப் போடாமல் ஆய்வாளர்களுக்குக் காட்ட முன்வர வேண்டும்.