சிறு பசுமைக்குடிலுக்கான மண்

சிறு பசுமைக்குடிலுக்கான மண் என்பது மழை படாத கூரைக்கடியில், பெரும்பாலும் தொட்டிக்குள்ளோ பைக்குள்ளோ அடைபட்டிருக்கும் வேருக்கு நீரையும் காற்றையும் ஒருசேரத் தரவேண்டிய ஊடகம். வயலில் நன்றாக விளையும் மண் தொட்டிக்குள் தோற்றுப்போவது வழக்கமே. தக்காளி, மிளகாய், வெள்ளரி, பூச்செடி என எதை வளர்த்தாலும் மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் கட்டமைப்பு, சத்து இரண்டாவதுதான். குறைந்த சத்தைப் பின்னால் உரமாக ஊட்டலாம். ஆனால் தொட்டி நிறைய வேர் ஓடிய பிறகு, இறுகிப்போன மண்ணுக்குள் காற்றைப் புகுத்த வழியில்லை.

தொட்டிக்குள் நீரும் காற்றும்

வயல் மண்ணில் பெய்த நீர் கீழே உள்ள அடுக்குகளால் தொடர்ந்து இழுக்கப்படுகிறது. தொட்டியில் அந்த இழுப்பு அடித்தட்டோடு முடிந்துவிடும். அடியில் துளை இருந்தாலும், மண் துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தொட்டியின் அடிப்பகுதியில் ஓர் அடுக்கு எப்போதும் நீர் செறிந்தே கிடக்கும். இந்த அடுக்கின் உயரம் துகள்களின் பருமனைப் பொறுத்தது. தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று. நைசான மண்ணில் அது உயரமாகவும், பரும்படியான கலவையில் தாழ்வாகவும் இருக்கும். ஆகவே ஒரே கலவையை ஆழமான தொட்டியிலும் ஆழமற்ற தட்டிலும் நிரப்பினால், தட்டில்தான் வேர் அழுகும் வாய்ப்பு அதிகம்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ ஓர் அடுக்காகப் பரப்பும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அது எதிர்விளைவையே தருகிறது. நைசான மண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலிருக்கும் மண் நிறைந்து வழியும் வரை அங்கேயே தொங்கி நிற்கும். நீர் தேங்கும் அடுக்கு அப்படியே ஜல்லியின் மேல்மட்டத்துக்கு உயர்ந்துவிட, வேருக்குக் கிடைக்கும் நல்ல இடம்தான் குறைகிறது. மண் வெளியேறாதபடி துளையின்மேல் ஒரு சில்லை வைப்பதில் மட்டும் தவறில்லை.

ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். குடிலுக்குள் வெப்பம் ஏற ஏற வேரின் சுவாசம் கூடுகிறது. அதே நேரம் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. வெயிலில் வைத்த கறுப்புத் தொட்டியில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. எனவே நீர் வடிந்து முடிந்த பிறகும் கலவையின் கன அளவில் 10 முதல் 20 விழுக்காடு காற்று நிற்கவேண்டும் என்பது தொட்டிப் பயிர்களுக்கான பொது அளவுகோல்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். தொட்டியின் கொள்ளளவை நீரால் அளந்துகொண்டு, துளையை அடைத்துக் கலவையை நிரப்பி, மேற்பரப்பு பளபளக்கும் வரை மெதுவாக நீர் ஊற்றி ஊறவிடவேண்டும். பிறகு துளையைத் திறந்து, வடியும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளக்கவேண்டும். வடிந்த நீரின் அளவைத் தொட்டியின் கொள்ளளவால் வகுத்தால் காற்றிடத்தின் பங்கு கிடைத்துவிடும். 10 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர்தான் வடிந்தது என்றால் அந்தக் கலவையைத் திருத்தியாகவேண்டும். கடையில் வாங்கும் மூட்டைகளின்மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்களைவிட இந்தச் சோதனை நம்பத்தக்கது.

தரை மண்ணும் அதன் களைப்பும்

குடிலின் தரையிலேயே பாத்தி கட்டி நடுவது செலவில்லாத வழி. வேர் ஆழமாக இறங்கும். ஒருநாள் நீர் விட மறந்தாலும் செடி தாங்கும். முதல் சில ஆண்டுகள் விளைச்சலும் நன்றாகவே இருக்கும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கில் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் வெள்ளரியும் பயிரிட்டவர்கள் இதைப் பெரிய அளவில் பட்டறிந்தனர். வேர்முடிச்சு நூற்புழுக்களும் வேரைத் தாக்கும் பூஞ்சைகளும் ஆண்டுதோறும் பெருகி, உரம் எவ்வளவு போட்டாலும் செடி தேறாத நிலை வந்தது. அவர்கள் நீராவிக் குழாய்களை மண்ணுக்குள் செலுத்தித் தரையையே வேகவைத்தனர். வீட்டுக் குடிலுக்கு அது கட்டுப்படியாகாது.

வெயில் மிகுந்த நாடுகளுக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. இஸ்ரேலில் ஜேக்கப் கட்டானும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் வெளியிட்ட முறை அது. ஈரமான மண்ணின்மேல் கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் தாளை இறுக விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, கோடையில் 4 முதல் 6 வாரம் விட்டுவிட்டால் மேல்மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு அழியும். கறுப்புத் தாளைவிடத் தெளிந்த தாளே இதற்குச் சிறந்தது. ஒளி ஊடுருவி மண்ணையே சூடாக்குகிறது. கதவடைத்த குடிலுக்குள் செய்தால் வெப்பம் இன்னும் ஏறும். தமிழகத்தின் சித்திரை வெயிலில் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. பிரிட்டனின் கோடையில் அவ்வளவு வெப்பம் கிடைப்பதில்லை.

ஜான் இன்னஸ் கலவை

தொட்டி மண்ணைச் சோதனை அடிப்படையில் வரையறுத்த வேலை 1930-களில் லண்டன் அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நடந்தது. வணிகர் ஜான் இன்னஸ் விட்டுச்சென்ற சொத்தைக்கொண்டு 1910-இல் தொடங்கிய நிறுவனம் அது. மரபியல் ஆய்வுக்காக அங்கே வளர்த்த சீன பிரிமுலா நாற்றுகள் பெருமளவில் மடிந்ததே இந்த வேலைக்குத் தூண்டுதல். அதுவரை ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனிக் கலவையைக் கைப்பக்குவமாக வைத்திருந்தார். இலைமட்கு, பழைய சாணம், சுண்ணாம்புக் காரை என்று பட்டியல் நீளும். அங்கே பணியாற்றிய வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெல்லும் அந்தப் பட்டியலையே கலைத்தனர். விதைப்புக்கு ஒன்று, நடவுக்கு ஒன்று என இரண்டே அடிப்படைக் கலவைகள் ஏறத்தாழ எல்லாச் செடிகளுக்கும் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

நடவுக் கலவை கன அளவில் 7 பங்கு தோட்ட வண்டல், 3 பங்கு பீட் (சதுப்புப் பாசியின் எச்சம்), 2 பங்கு பரும்மணல் கொண்டது. அடியுரம் எடையில் 2 பங்கு குளம்பு-கொம்புத் தூள், 2 பங்கு சூப்பர் பாஸ்பேட், 1 பங்கு பொட்டாசியம் சல்பேட். ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ அடியுரமும் சிறிது சுண்ணத் தூளும் சேர்ந்தது முதல் எண் கலவை. அடியுரத்தை இரு மடங்கும் மும்மடங்கும் ஆக்கினால் இரண்டாம், மூன்றாம் எண்கள். நாற்றுக்கு முதல் எண், காய்க்கப்போகும் தக்காளிக்கு மூன்றாம் எண் என்பது நடைமுறை. விதைப்புக் கலவையில் இந்த அடியுரம் கிடையாது; சூப்பர் பாஸ்பேட்டும் சுண்ணமும் மட்டுமே. இந்த விகிதங்களை நிறுவனம் வெளிப்படையாக அறிவித்ததால் யாரும் தயாரித்து விற்க முடிந்தது. இன்றும் பிரிட்டனில் அப்பெயரில் மூட்டைகள் விற்கின்றன. தரம் தயாரிப்பவரைப் பொறுத்தது.

வண்டலை மட்டும் நீராவியால் சூடாக்கி, பிறகே மற்றவற்றைக் கலக்கவேண்டும் என்பதும் அவர்களின் விதி. காரணம் நுட்பமானது. அதிக வெப்பத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். கரிமப் பொருளைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும் வகைகளோ வித்துகளாகப் பிழைத்துக்கொள்ளும். சாணம் கலந்த மண்ணை வேகவைத்தால் அம்மோனியா குவிந்து நாற்று கருகும். அடுப்பில் வைத்து மண்ணை வறுக்கும் வீட்டு முறையிலும் இதே ஆபத்து இருக்கிறது. காற்று கலந்த நீராவியால் 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தாலே பெரும்பாலான நோய்ப் பூஞ்சைகள் அழியும், நன்மை தரும் உயிரிகளில் ஒரு பகுதி மிஞ்சும் என்று கலிபோர்னியாவில் கென்னத் பேக்கரின் குழுவினர் பின்னர் காட்டினர்.

மண்ணில்லாக் கலவைகள்

நல்ல வண்டல் எளிதில் கிடைக்காமல் போனது. கிடைத்தாலும் ஒரு லோடு மற்றொன்றைப்போல் இருப்பதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1957-இல் வெளியிட்ட கையேடு நைஸ் மணலையும் பீட்டையும் மட்டும் கொண்ட கலவைகளைப் பரிந்துரைத்தது. 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பூட்லியும் ரேமண்ட் ஷெல்ட்ரேக்கும் மணலையும் நீக்கி, பீட்டோடு வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் சேர்த்த எடை குறைந்த கலவையை உருவாக்கினர். இன்று உலகெங்கும் மூட்டையில் விற்கும் நாற்றுக் கலவைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

பெர்லைட் எரிமலைக் கண்ணாடியைச் சூளையில் பொரித்தெடுத்தது. காற்றிடம் தருவது அதன் வேலை. சத்தைப் பிடித்து வைக்காது. வெர்மிகுலைட் மைக்கா இனக் கனிமம். சூடாக்கும்போது அடுக்குகள் விரிந்து நீரையும் பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகளையும் தாங்கும். ஆனால் அழுத்தினால் தட்டையாகிவிடும். நாற்றுத் தட்டுக்கு அது ஏற்றது. ஓராண்டு நிற்கும் தொட்டிக்குப் பெர்லைட்டே மேல்.

பீட் சதுப்புப் பாசியின் எச்சம். கலவைப் பொருளாக அதைக் குறைசொல்ல அதிகமில்லை: நீர், காற்று இரண்டையும் தாங்கும், களை விதை இராது. அமிலத்தன்மை கூடியது என்பதால் சுண்ணமோ டோலமைட்டோ சேர்க்கவேண்டும். முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காமல் உதறும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சதுப்பில் பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. வெட்டியெடுத்தால் அதில் தங்கியிருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதை 2024-க்குள் தடைசெய்வதாக 2022-இல் அரசு அறிவித்தது. அந்தக் கெடுவுக்குள் சட்டம் வரவில்லை.

பீட்டின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது தேங்காய் நார்த்தூள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துத் தோட்டங்கள் இதைப் பயன்படுத்தின. பிறகு மறந்து, 1980-களின் இறுதியில் மீண்டும் கையிலெடுத்தன. பொள்ளாச்சி வட்டாரமும் இலங்கையின் தென்னைப் பகுதிகளும் இன்று இதன் பெரிய ஏற்றுமதி மையங்கள். முன்பு கயிற்று ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு இது. 5 கிலோ கட்டியை நீரில் ஊறவைத்தால் ஏறத்தாழ 60 முதல் 75 லிட்டர் தூள் கிடைக்கும். காய்ந்தாலும் பீட்டைப்போல் அல்லாமல் எளிதில் நனையும்.

இதை வாங்கும்போது பார்க்கவேண்டியது உப்பு. தென்னை இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றை நாரில் தேக்கும். உப்பங்கழி நீரில் ஊறவைத்த மட்டையில் இன்னும் கூடும். நல்ல நீரில் கழுவி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனைக் குறைத்த தூளை வணிகத்தில் 'லோ ஈசி' என்பர். கழுவினாலும் துகள்களோடு ஒட்டிய பொட்டாசியமும் சோடியமும் முழுதாகப் போவதில்லை. அவை இருக்கும் இடத்தைக் கால்சியம் பிடிக்கவேண்டும். அதற்காகக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மீண்டும் கழுவுகின்றனர். இப்படிச் செய்யாத தூளில் நட்ட தக்காளியில், கலவைக்குக் கொடுக்கும் கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்வதால் காய் நுனி கறுத்து அழுகும். மட்காத தூளில் நைட்ரஜனும் மிகக் குறைவு. நுண்ணுயிரிகள் செடிக்குரிய நைட்ரஜனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

தமிழக நாற்றங்கால்களில் செம்மண், மணல், தொழுவுரம் கலந்த கலவை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. செம்மண்ணின் வடிகால் நல்லது என்பதால் இது பெரும்பாலும் தோற்பதில்லை. மணலின் பங்கைக் குறைத்து நார்த்தூளைச் சேர்த்தால் எடையும் குறையும். கரிசல் மண்ணைத் தொட்டிக்கு எடுப்பது வீண்வேலை: நனைந்தால் உப்பி, காய்ந்தால் தொட்டியின் விளிம்பைவிட்டு விலகும், ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும்.

மட்கும் எருவும்

மட்கு சத்துக்காகவும் உயிர்ப்புக்காகவும் சேர்ப்பது. கன அளவில் கால் பங்குக்குமேல் போனால் கலவை நாளடைவில் அமுங்கும், உப்பும் ஏறும். மண்புழு உரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளியிலிருந்து வாங்கும் எருவில் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் ஆபத்து களைக்கொல்லி எச்சம். 2008-இல் பிரிட்டனில் பலருடைய தக்காளி, அவரை, உருளைக்கிழங்குச் செடிகள் இலை சுருண்டு உருக்குலைந்தன. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைரலிட் புல்வழியே மாட்டின் குடலைக் கடந்து சாணத்தில் சிதையாமல் தங்கியிருந்தது. சந்தேகமான எருவைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. கலவையைச் சில தொட்டிகளில் நிரப்பி அவரை விதை ஊன்றி, நம்பகமான மண்ணில் ஊன்றியவற்றோடு சில வாரம் ஒப்பிட்டாலே இலையின் சுருக்கம் காட்டிக்கொடுக்கும்.

உப்பும் கார அமில நிலையும்

திறந்த வெளியில் உப்பை மழை கழுவிவிடும். குடிலில் மழை இல்லை. நீரும் உரமும் கொண்டுவந்த உப்பு தொட்டியிலேயே தங்கி, மேற்பரப்பில் வெள்ளைப் படிவாகத் தெரியும். தக்காளி மண்சாற்றின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை பொறுக்கும். பீன்ஸும் ஸ்ட்ராபெர்ரியும் 1 தாண்டினாலே விளைச்சலில் குறையும். ஒவ்வொரு முறையும் ஊற்றும் நீரில் பத்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியே வெளியேறும்படி ஊற்றுவது இதற்குத் தீர்வு. தட்டில் வடிந்த நீரைத் தொட்டி திரும்ப உறிஞ்சவிடக் கூடாது.

மண் கலந்த கலவைக்கு பிஎச் 6 முதல் 7, மண்ணில்லாக் கலவைக்கு 5.5 முதல் 6.5 பொருத்தம். தொடக்கத்தில் சரியாக இருந்தாலும், பைகார்பனேட் மிகுந்த கிணற்றுநீரை ஊற்ற ஊற்றக் கலவை காரமாகிக்கொண்டே போகும். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். இரும்பு உரத்தைக் கொட்டுவதைவிட, கூரையில் விழும் மழைநீரைத் தனியே சேமித்து ஊற்றுவது மேலானது.

ஒருமுறை விளைந்த கலவையை அப்படியே அதே பயிருக்குத் திரும்பப் பயன்படுத்துவதில்லை. நோய் தாக்காதது என்று உறுதியானால், வேர்களைச் சலித்து நீக்கி, நீரால் நன்கு அலசி, அமுங்கியதற்கு ஈடாகப் பெர்லைட்டோ புதிய நார்த்தூளோ சேர்த்து வேறு குடும்பப் பயிருக்கு வைக்கலாம். தக்காளி நின்ற கலவையில் மிளகாயும் கத்தரியும் ஒரே குடும்பம் என்பதால் கூடாது. கீரைக்கும் வெள்ளரிக்கும் அது உதவும். வேர்முடிச்சு கண்ட கலவையைக் குடிலுக்குள் எந்தப் பயிருக்கும் வைப்பதில்லை. அந்த நூற்புழு கீரை, வெள்ளரி எனப் பல குடும்பங்களையும் தாக்கும்.