ஆராய்ச்சியும் சம்மதமும்

பிறர் வழக்கத்தை ஆராயப் புகுவோர் அவ்வழக்கத்தை மதிக்கத்தான் வேண்டுமா? மதித்தால் மூடநம்பிக்கைக்குத் தலைவணங்கியதாகாதா? பகுத்தறிவு பேசும் நம்மவர் பலருக்கு இவ்வையம் எழுவதுண்டு. இதற்கு விடை சிலாங்கூரின் வைத்திய சரித்திரத்திலேயே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரிபெரி நோய் மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. புழுங்கலரிசி உண்ட தோட்டத் தமிழரையோ அது பெரும்பாலும் அணுகவில்லை. 1905இன் இறுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தோரை இரு பிரிவாக்கினார். ஒன்றுக்குத் தீட்டிய சயாம் அரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். ஓராண்டில் முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். இரண்டாவதில் எவரும் மாளவில்லை. நெல்லை அவிக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊறுகிறது என்பது பின்னர் விளங்கிற்று.

தமிழரின் அடுப்படி வழக்கம் வைத்திய உலகுக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஆயின், மாண்ட அந்த 18 பேரின் சம்மதத்தைக் கேட்டவர் யார்? கேட்கும் வழக்கம் அக்காலத்தில் அரிதாகவே இருந்தது.

இனி நம் அயலாரை நோக்குவோம். கிள்ளானுக்கு அப்பால் கேரித் தீவில் மா மெரி மக்களும், சிலாங்கூர்க் காட்டோரங்களில் தெமுவான் மக்களும் வாழ்கின்றனர். இத்தகைய பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கென, 1950-களின் இறுதியில் கோம்பாக்கில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அச்சேவைக்குத் தலைமை வகித்த டாக்டர் மால்கம் போல்டன், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க இடமளித்தார். அம்மக்களையே வைத்திய உதவியாளராகப் பழக்கினார். அவரே 1972இல், கருவுற்ற பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் விதிக்கப்படும் உணவு விலக்குகள் உடலுக்குக் கேடு தரக்கூடும் என்றும் எழுதினார். மதித்தவரே குறையையும் எடுத்துரைத்தார். மரியாதை வேறு, மௌனம் வேறு என்பது இதனால் தெளிவாகும்.

பூர்வகுடிகளின் உரிமை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2007இல் பிரகடனம் செய்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்களோ, தம்மை ஆராய வருவோர் ஒழுகவேண்டிய விதிகளை 2017இல் தாமே வகுத்தனர். மரியாதையும் நேர்மையும் அவற்றுள் அடங்கும்.

ஒரு வழக்கம் நன்றா தீதா என்பதை ஆராய்ச்சி சொல்லட்டும். ஆனால் அவ்வாராய்ச்சிக்கு உடலையும் இரத்தத்தையும் தருவது மனிதர் அன்றோ? அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிச் சம்மதம் பெறுவதும், கண்ட முடிவை அவர்களிடமே திரும்பச் சொல்வதும் கடமையாகும். கூலி என்று இகழப்பட்ட நாம், அயலாரைச் சக்காய் என்று இகழ்வதை முதலில் நிறுத்துவோமாக.