நெடுந்தீவு: கல்வேலியும் கடற்பயணமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்தால் தரைவழி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் எத்துணை நீண்டது என்பதைச் சென்றவரே அறிவர். மாவிலித்துறையில் இறங்கும்போது, கையிலிருந்த செபமாலையை முத்தமிட்டு மடிக்குள் வைக்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம்.

பசுத்தீவு, பால்தீவு எனவும் நம் முன்னோர் இதனை அழைத்தனர். போர்த்துக்கேயரும் தம் மொழியில் பசுக்களின் தீவு என்றே பெயரிட்டனர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரப் பெயர்களை நமது தீவுகளுக்குச் சூட்டினர். அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. அவையெல்லாம் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்வ்ற்' மட்டும் இன்றும் அரச ஏடுகளில் நிலைத்திருப்பது விந்தையே.

இங்கு வருவோர் முதலில் வியப்பது வேலிகளைக் கண்டுதான். முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. கிடுகும் பனையோலையும் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியவை. கல்வேலியோ பாட்டன் அடுக்கியது பேரனுக்கும் நிற்கும். சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் இருந்தால் போதும்.

மேற்குப் புறத்து வெளிகளில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. அந்நியர் ஆட்சியில் இங்கு குதிரை வளர்ப்பு நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் அயர்லாந்து இராணுவ அதிகாரி அதனை மேற்பார்வை செய்தார். வளர்த்தவர்கள் போய்விட்டனர், குதிரைகள் எஞ்சின. கடும் கோடையில் குடிக்க நீரின்றி அவை மடிவதுண்டு. நல்ல தண்ணீருக்கு மனிதரே அலையும் ஊரில் குதிரைக்கு யார் இறைப்பார்? 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் ஒரு தொட்டித் தண்ணீரே அவற்றுக்குப் பெரிய பாதுகாப்பு என்பது எமது எண்ணம். பெருக்குமரம், புறாக்கூடு, இடிந்த கோட்டை, வெடியரசன் கதை ஆகியனவும் உண்டு. அவற்றை நேரில் வந்து காண்பதே நன்று.

தமிழாராய்ச்சிக்கு உலக மேடை அமைத்த தனிநாயகம் அடிகளாரின் தந்தைவழி ஊர் இதுவே. கச்சதீவுப் புனித அந்தோனியாரையும் நெடுந்தீவு தன் பிள்ளைபோலப் பேணிவருகிறது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கடலில் எல்லை வகுக்கப்பட்ட பின்னரும், தபசு காலத் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே பந்தலில் திருப்பலி கண்டனர். போர் அதனை நெடுங்காலம் தடுத்தது. 2016இல் அங்கு புதிய ஆலயம் திறந்துவைக்கப்பட்டது. நெடுந்தீவுப் பங்குத்தந்தை கொடியேற்ற, இராமேசுவரத்து மீனவரும் அருகே நின்று செபிக்கும் காட்சி கண்ணுக்கு இனியது.

இனி எழுதக் கை தயங்கும் செய்தி. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் காலை, இத்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட 'குமுதினி' படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பிள்ளைகளைப் பார்க்கவும் அலுவலகத்துக்குப் போகவும் சாமான் வாங்கவும் புறப்பட்ட எளிய மக்கள் அவர்கள். அன்றாடம் சென்றுவந்த கடல்வழி அன்றுமுதல் கல்லறை வழியாயிற்று. ஆண்டுதோறும் அந்நாளில் மாவிலித்துறை நினைவிடத்தில் விளக்கேற்றி, அவர்களுக்காக மன்றாடுகின்றனர்.

அதன் பின்னர் வெளியேறியோர் பலர். வன்னியிலும் கடல் கடந்த நாடுகளிலும் நெடுந்தீவார் வாழ்கின்றனர். அவர்தம் வளவுகளில் கூரை இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை, கல்வேலி மட்டும் நிற்கிறது. விழாவுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர், தம் வளவின் வாயிலில் சரிந்து கிடந்த நாலைந்து கற்களை எடுத்து மீண்டும் அடுக்கிவிட்டு, மாலைப் படகுக்கு நடந்ததை நாம் பார்த்தோம்.