கரந்து சென்றோர் கதையும் களமாடும் கல்வியும்

வரலாற்றை மாணவர் வெறுப்பதற்குக் காரணம் வரலாறு அன்று; நாம் அதைக் கற்பிக்கும் முறையே. ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வித்துவிட்டு, அவற்றின் பின்னே துடித்த நெஞ்சங்களை மறைத்துவிடுகிறோம். இதற்கு மாற்றாக, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டைக் கற்பித்தற் கருவியாகக் கொள்ள இயலுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டின் வேர் பழமையானது. 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படையதிகாரி வகுத்த போர் விளையாட்டில், இரு தரப்பாருக்கும் நடுவே நடுவர் ஒருவர் இருந்தார். எதிரியின் இருப்பிடத்தை அவர் மட்டுமே அறிவார். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அந்நடுவரைக் கதைசொல்லியாக்கியது. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டித் தம் செயலின் விளைவைக் காண்பர். இத்தகைய ஆட்டங்களுள் வாளேந்திப் போரிடுவதினும் அரியது, பிறர் கண்ணிற் படாது கரந்து செல்லும் ஆட்டமே.

அத்தகைய ஆட்டத்திற்குரிய கதைக்களத்தை நாம் வேற்று நாட்டிற் சென்று தேட வேண்டுவதில்லை. செபராங் ஜெயாவிலிருந்து பாலம் கடந்தால் அக்களம் நம் கண்முன்னே கிடக்கிறது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. மறு ஆண்டில், பினாங்கு பிரீ ஸ்கூல் வளாகத்தில் இந்தியச் சுயராஜ்ய நிலையம் இயங்கியது. வழக்கறிஞர் என். ராகவன் அதன் தலைவர். இந்தியாவினுள் மறைவாகப் புகுந்து விடுதலைப் பணியாற்ற இளைஞர்கள் ஆங்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். 1942 செப்டம்பரில் ஒரு குழுவினர் நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மலபார்க் கரையிலுள்ள தானூரில் இறங்கினர். இறங்கியவுடனே ஐயத்திற்கு ஆளாகிக் காவலரிடம் அகப்பட்டனர். பிற வழிகளில் சென்றோரும் சிக்கினர். சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள் வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு அப்போது வயது 26.

இதனை ஆட்டமாக வகுக்கும் ஆசிரியர் மூன்றனை எண்ண வேண்டும். முதலாவது, கண்டுபிடிக்கப்படுதல் ஒரே பகடை வீச்சில் நிகழ்வதன்று. ஐயம், வினவல், தேடல், பிடிபடல் எனப் படிகள் பல உள. ஒவ்வொரு படியிலும் மாணவன் தப்பும் வழியொன்றைச் சிந்திக்க இடமளித்தல் வேண்டும். இரண்டாவது, காவல் நிற்போர் வெறும் பொம்மைகள் அல்லர். கரையில் நின்றோர் எவருடைய விடுதலைக்காக இவ்விளைஞர் வந்தனரோ அம்மக்களே! தம் மக்களிடமிருந்தே ஒளிந்து நிற்கும் அவலத்தை ஆடுவோன் உணர்தல் வேண்டும். மூன்றாவது, வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வகுத்த இலக்கணம். பிறர் ஐயுறாத தோற்றமும், அஞ்சாத நோக்கும், எதனையும் வெளியிடாத வாயும் ஒற்றனுக்கு வேண்டும் என்றும், ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆள வேண்டும் என்றும் அவர் கூறுவார். ஒரே வகுப்பில் பயின்று, ஒரே கலத்தில் சேர்ந்து சென்றோரிடம் இறுதி விதி எங்ஙனம் நிலைக்கும்? இவ்வினாவை மாணவரிடமே விடுத்தல் நன்று. குறள் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

“உயிர் நீத்தோரின் துயரை விளையாட்டாக்குவது தகுமா?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. இதற்கு விடை ராகவனின் செயலில் உள்ளது. பயிற்சி பெற்றோர் சிலரைத் தம்மைக் கேளாமலே ஜப்பானியர் இந்தியாவுக்கு அனுப்பியதைக் கண்டித்து, 1942இன் இறுதியில் அவர் நிலையத்தை மூடினார். அதனால் வீட்டுக்காவலுக்கும் உள்ளானார். திட்டம் தீட்டுவோன் கரையிலே நிற்கிறான்; அதன் விளைவை அலைகடல் கடந்தவனே சுமக்கிறான். ஆகவே தானூர்க் கரையை மட்டும் ஆடாமல், பினாங்கின் திட்ட அறையையும் ஆடச் செய்தல் வேண்டும். பிறர் உயிரைக் காயாக நகர்த்தியவனே மறு காட்சியில் அக்காயாக மாறிச் சிறையில் நிற்கட்டும். அப்போது அது கேளிக்கையன்று, அறப்பயிற்சியாம்.

அவ்வாட்டத்தில் வென்றோர் என்று எவரையும் அறிவித்தல் ஆகாது. பகடைகளை எடுத்து வைத்தபின், ஆசிரியர் எழுந்து அந்நால்வரின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். மறைந்து சென்றோரை மறவாதிருத்தல், அவர்கள் புறப்பட்ட மண்ணில் வாழும் நம் கடனன்றோ?