மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்

வைகையின் தென்கரையில், மதுரை நகரின் நடுவே அமைந்த சிவத்தலம். தேவாரத்தில் திருஆலவாய் எனப்படுகிறது. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14இல் முதன்மையானது. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடியிருப்பதால் கோயில் அதற்கும் முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தது.

சுமார் 15 ஏக்கர் பரப்பில், கிழக்கு நோக்கிய இரு சந்நிதிகள் உள்ளன. சிவாலயங்களில் பெரும்பாலும் சுவாமிக்கு இடப்பக்கம் இருக்கும் அம்மன், இங்கே வலப்பக்கம் எழுந்தருளியிருக்கிறாள். ஊர் அவளுடையது, அடியவர்களும் அம்மனை வணங்கிய பிறகே சுவாமியிடம் செல்வர். சந்நிதிகளின் மேலுள்ள பொன் வேய்ந்த விமானங்கள் உயரம் குறைந்தவை. வெளியே வரவர வாயில்கள் உயர்கின்றன. எகிப்தின் கர்னாக் கோயிலும் இவ்வாறே வளர்ந்தது: அடுத்தடுத்து வந்த அரசர்கள் வெளிப்புறமாக வாயில்களையும், 134 தூண்கள் கொண்ட பெருமண்டபத்தையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியாக எழுப்பிய முகப்பு வாயில் அங்கே முற்றுப்பெறவில்லை. மதுரையிலும் ஒன்று அப்படி உண்டு.

கோயிலின் கோபுரங்கள் 14. இவற்றில் கிழக்கு ராஜகோபுரம் 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் எழுப்பியது. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன் பணி. உயரத்தில் முதலாவதான தெற்குக் கோபுரத்தைக் கட்டியவர் அரசர் அல்லர். சிராமலை செவ்வந்திமூர்த்திச் செட்டியார் 1559இல் கட்டினார். உயரம் ஏறத்தாழ 160 அடி. அடித்தளமும் வாயில் நிலைகளும் கருங்கல். அதற்கு மேல் முழுதும் செங்கல், சுண்ணாம்பு, சுதை. இதனால் மேல்நிலைகளின் பாரம் குறைகிறது. இதன் பக்கங்கள் நேர்க்கோடாகச் சரியாமல் மெல்ல உள்வளைந்து மேலேறுவதைத் தெற்குச் சித்திரை வீதியில் நின்று பார்த்தால் காணலாம். நான்கு வெளிக்கோபுரங்களில் வடிவழகு மிக்கது இதுவே. வடக்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் உச்சியின்றி நின்றது. 1878இல் வயிநாகரம் செட்டியார் குடும்பத்தார் முடித்துவைத்த பின்னும் மொட்டைக் கோபுரம் என்ற பெயர் போகவில்லை. சுதை உருவங்களும் இதில் குறைவு.

1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரையைச் சூறையாடியது. தொடர்ந்து வந்த சுல்தானியக் காலத்தில் தடைப்பட்ட வழிபாடு, விஜயநகர இளவரசர் குமார கம்பணர் வெற்றிக்குப் பின் மீண்டது. விசுவநாத நாயக்கரின் தளவாய் அரியநாத முதலியார் எடுத்த ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளபடி இருப்பவை 985 தூண்களே. திருமலை நாயக்கர் (1623–1659) 124 தூண்களுடன் புதுமண்டபம் கட்டினார். நாயக்க மன்னர் பதின்மரின் சிலைகள் அதில் உள்ளன. அதன் கிழக்கே அவர் தொடங்கிய ராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுவிட்டது. ஏறத்தாழ 50 அடி உயர ஒற்றைக்கல் நிலைக்கால்கள் மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன.

சிற்பத்தில் தலைசிறந்தது கம்பத்தடி மண்டபம். திருமால் தாரை வார்க்க, சுந்தரேசுவரர் மீனாட்சியின் கையைப் பற்றும் திருக்கல்யாணச் சிலையில், தலை தாழ்த்தி நிற்கும் அம்மனின் நாணம் கல்லிலும் தெரிகிறது. எதிரே உள்ள காளி சிலைமீது, அவள் சினம் தணிய அடியவர்கள் வெண்ணெய் உருண்டை வீசுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி வைகைக்கரை ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி, வந்தி என்னும் மூதாட்டிக்காகப் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நிகழ்த்தப்படும். திருப்பரங்குன்றம் முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் மதுரைக்கு வருவர். 1939 ஜூலை 8இல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் ஆலயப் பிரவேசம் நடந்தது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சேதமடைந்தது. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியில் உள்ளது.