எடை எங்கே போகிறது?

இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஒரு செமினார் எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு ‘மாற்று எரிபொருட்கள்’. வகுப்பில் பாதிப் பேர் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அவர்களை எழுப்புவதற்காகவே கடைசி ஸ்லைடாக ஒரு படம் வைத்திருந்தேன். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. மிதக்கவில்லை, நிற்கிறது. அடியில் மெல்லிய கால்கள் தெரிகின்றன. “இது நேச்சுரல் கேஸ்ல ஓடுது” என்றேன். தூங்கியவர்கள் எழுந்தார்கள். புரொபசர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “சிலிண்டர் எங்கப்பா இருக்கு?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் லேட்.

அந்தக் காரின் பெயர் ஸ்ப்ளாஷ். செய்தது ரின்ஸ்பீட் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். அதன் தலைவர் ஃபிராங்க் ரின்டர்க்னெக்ட், ஒவ்வொரு வருடமும் ஜெனீவா மோட்டார் கண்காட்சிக்கு ஏதாவது ஒரு விசித்திரத்தோடு வருவதில் பெயர் எடுத்தவர். 2004-ல் கொண்டுவந்தது ஸ்ப்ளாஷ். சாலையில் அது சாதாரண ஸ்போர்ட்ஸ் கார். தண்ணீரில் இறங்கினால் படகு. வேகம் எடுத்ததும் பக்கவாட்டிலிருந்து இறக்கைகள் கீழே இறங்கும். பின்னால் ஸ்பாய்லராக இருந்தது சுழன்று நீருக்குள் போய்விடும். விமான இறக்கை காற்றில் செய்வதை இவை நீரில் செய்யும். கார் நீர்மட்டத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் மேலே எழும்பி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சாலையில் 200 வரை.

இத்தனைக்கும் எஞ்சின் வெறும் 750 சிசி, இரண்டே சிலிண்டர். நம் மாருதி 800-ஐவிடச் சின்னது. ஆனால் டர்போ வைத்து 140 குதிரைத்திறன் எடுத்திருந்தார்கள். இங்கேதான் இயற்கை எரிவாயு உதவிக்கு வருகிறது. டர்போ வைத்து அழுத்தினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துவிடும்; அதைத்தான் நாக்கிங் என்கிறோம். பங்கில் 91, 95 என்று போட்டிருப்பார்களே ஆக்டேன் எண், அது நாக்கிங்கைத் தாங்கும் சக்தியின் அளவு. மீத்தேனுக்கு அது 120-க்கும் மேலே. எவ்வளவு அழுத்தினாலும் பொறுமையாக இருக்கும். எரிந்தால் வரும் கரியமில வாயுவும், அதே ஆற்றலுக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. காகிதத்தில் பார்த்தால் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே செய்த எரிபொருள்.

பிரச்சினை எரிப்பதில் இல்லை, சுமப்பதில். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் எரிவாயுவில்தான் இருக்கிறது. ஒரு பெரிய சின்டெக்ஸ் டேங்க் நிறைய வாயு வைத்துக்கொண்டு ஒரு லிட்டர் தூரம் போகலாம். இருநூறு மடங்கு அழுத்தினால்கூட, பெட்ரோலுக்குத் தேவைப்படும் இடத்தைப் போல நான்கு மடங்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க இரும்பு சிலிண்டர் வேண்டும். இரும்புக்கு எடை உண்டு.

ஆக, ஸ்ப்ளாஷ் தனக்குத்தானே ஒரு வம்பை இழுத்து வைத்துக்கொண்டது. நீருக்கு மேலே எழும்ப வேண்டும், அதற்கு எடை குறைய வேண்டும். ஆனால் எரிபொருளே எடை கேட்கிறது. விடை, கார்பன் ஃபைபர். மொத்த எடையை 825 கிலோவில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்து போர்ஷே பாக்ஸ்டர் 1,200 கிலோவுக்கும் மேலே. அதோடு ஒப்பிட்டால் சாதனை. மாருதி 800 சுமார் 650 கிலோதான் என்பதை செமினாரில் நான் சொல்லவில்லை.

வாயுவைச் சுமக்கும் கதை ஸ்ப்ளாஷில் ஆரம்பிக்கவில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டனில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸின் கூரையில் ஒரு பிரம்மாண்டமான பையைக் கட்டி, அதில் நிலக்கரி வாயுவை நிரப்பி ஓட்டினார்கள். பார்க்க, பஸ் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுவதுபோல இருக்கும். எடை கிடையாது, ஆனால் அத்தனை இடம். காற்றடித்தால் ஆபத்து, கொஞ்ச தூரத்தில் காலி. இரண்டாம் போரில் பைகள் திரும்பவும் வந்தன. போர் முடிந்ததும் பையும் போனது.

இத்தாலியில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் மீத்தேன் இருந்தது. 1930-களிலேயே சிலிண்டர்களில் அடைத்து வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். 1945-ல் அஜிப் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தை மூடும் வேலையை என்ரிகோ மத்தேயி என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் மூடவில்லை, தோண்டினார். முந்தின வருடம்தான் கவியாகா என்ற இடத்தில் பெரிய எரிவாயு வயலைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த மீத்தேனை வைத்து குழாய்கள் போட்டு, 1953-ல் எனி என்ற நிறுவனத்தையே கட்டினார். இன்றும் ஐரோப்பாவில் எரிவாயுக் கார்கள் அதிகம் ஓடுவது இத்தாலியில்தான். அது ஜெனீவா மேடையில் வந்த எதிர்காலம் அல்ல. தாத்தா காலத்துப் பழக்கம்.

ஸ்ப்ளாஷ் மேடையேறிய அதே நாட்களில் டெல்லியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று செமினாருக்குப் படிக்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: 2001 மார்ச் 31-க்குள் டெல்லி பஸ்கள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும். கெடு தள்ளிப் போனது. பங்குகள் போதவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள், வண்டியிலேயே தூங்கினார்கள். 2002 முடிவதற்குள் நகரப் பஸ்கள் மாறிவிட்டன. அதாவது ஜெனீவாவில் ஒரு கார் நீருக்கு மேலே எழும்பி “இதுதான் நாளை” என்று சொல்வதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்பே, அந்த நாளை டெல்லியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதன் எடையைச் சுமந்தவர்கள், ஒரு நாள் கூலியை வரிசையில் விட்டவர்கள்.

இனி என் கார்.

மூன்று வருடம் முன்பு ஒரு சிஎன்ஜி கார் வாங்கினேன். ஓஎம்ஆரில் தினமும் நாற்பது கிலோமீட்டர். எக்ஸெல் ஷீட் போட்டுக் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். டிக்கியைத் திறந்தால் சிலிண்டர். புரொபசரின் கேள்விக்குப் பதில் அங்கே குறுக்காகப் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு லேப்டாப் பை வைக்கலாம், அவ்வளவுதான். அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

போன வருடம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சென்னைக்கு அழைத்து வந்தோம். ஞாயிறும் புதனும் பிசியோதெரபி. வீல்சேரை மடித்து டிக்கியில் வைக்கப் போனேன். வைக்க முடியாது. பின் சீட்டில் வைத்தால் அம்மா உட்கார முடியாது. கடைசியில் அம்மா ஆட்டோவில் வருவது என்று முடிவானது.

பங்கில் இன்னொரு சிக்கல். சிஎன்ஜி அடிக்கும்போது எல்லோரும் வண்டியைவிட்டு இறங்க வேண்டும். உயர் அழுத்தம், பாதுகாப்பு விதி, சரியான விதிதான். முதல் தடவை அப்பாவை இறக்க எட்டு நிமிஷம் ஆனது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் பேச்சு கொஞ்சம் குழறும். நிதானமாகக் கேட்டார்:

“இதுல ஓடுறது மீத்தேன்தானே?”

“ஆமாப்பா.”

“அப்ப நாங்க எதுக்குடா ரோட்ல உக்காந்தோம்?”

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. அந்த முறையில் வாயு வெளியே வர, முதலில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். நெல் விளைகிற ஊரில் அதன் அர்த்தம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். அப்பா அந்தக் கூட்டங்களுக்குப் போனவர். போராட்டங்கள் தொடர்ந்தன. 2020-ல் டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நான் அப்போதெல்லாம் ஆபீஸிலிருந்து ஷேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“இது அங்க எடுத்தது இல்லப்பா. கப்பல்ல வர்றது” என்றேன். எண்ணூரில் 2019-ல் திறந்த முனையத்துக்கு, மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது.

“அப்ப வேற எவனோ ஊர்லேர்ந்து” என்றார்.

ஒரு இன்ஜினியராக என்னிடம் பதில்கள் இருந்தன. நீங்கள் எதிர்த்தது வாயுவை அல்ல, அதை எடுக்கும் முறையையும் இடத்தையும் என்று சொல்லியிருக்கலாம். எல்லா எரிவாயு வயலிலும் நிலத்தடி நீரை இறைப்பதில்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் எரிக்காமல் கசிந்த மீத்தேன், இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் சூடேற்றும் என்பதும் உண்மை. அது கிணற்றிலோ குழாயிலோ கசியும். என் காரின் கணக்கில் வராது. என் எக்ஸெல் ஷீட்டில் அதற்குக் காலமே இல்லை. அம்மாவின் ஆட்டோ காசுக்கும்தான்.

ஸ்ப்ளாஷ் என்ன ஆனது? 2006 ஜூலையில் ரின்டர்க்னெக்ட் அதை ஓட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அது தொழிற்சாலைக்குப் போகவே இல்லை. கான்செப்ட் கார்களின் விதி அது. 2008-ல் அவர் தண்ணீருக்கு அடியில் போகும் ஸ்குபா என்ற காரைக் கொண்டுவந்தபோது அது மின்சாரத்தில் ஓடியது. 2020-ல் ஃபோக்ஸ்வாகனும் எரிவாயுக் கார்களை இனி உருவாக்கப்போவதில்லை என்றது. இப்போது எல்லோரும் பேட்டரி. அதன் எடை பல நூறு கிலோ. அதற்கான லித்தியமும் யாருடைய நிலத்திலோதான் இருக்கிறது.

இதனால் எல்லாமே ஒன்றுதான், எதை ஓட்டினாலும் பாவம் என்று சொல்ல வரவில்லை. டெல்லியில் பஸ் பின்னால் வந்த கரும்புகை குறைந்தது நிஜம். டெல்டாவில் நெல் இன்னும் விளைகிறது, அதுவும் நிஜம். சொல்ல வருவது சின்ன விஷயம். ஒரு கார் லேசானது என்று யாராவது மேடையில் சொன்னால், புரொபசர் கேட்டதைக் கேட்க வேண்டும். சிலிண்டர் எங்கே இருக்கிறது? யார் இறங்கி நிற்கிறார்கள்?

இந்த ஞாயிறும் பங்குக்குப் போனோம். பையன் பழகிவிட்டான், எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அப்பா உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எத்தன கிலோ?” என்றார்.

“ஏழு, சார்” என்றான் பையன்.

அப்பா தலையாட்டினார். பிறகு எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார்.