மணலும் கரும்பலகையும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலையில் பிரிந்து சிறிது தொலைவு சென்றால் இரும்பை வரும். வானூர் வட்டத்தைச் சேர்ந்த செம்மண் பூமி அது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலால் சமய வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. 1968-ஆம் ஆண்டு இதன் பக்கத்திலேயே எழுந்த ஆரோவில்லால் உலகத்தாரின் கண்ணிலும் பட்டது. ஆயினும் இக்கட்டுரை கோயிலைப் பற்றியதுமன்று, ஆரோவில்லைப் பற்றியதுமன்று. இரும்பையைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள் கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு எழுத்தறிந்தனர், அந்த முறை எவ்வெவ்வாறு மாறியது, ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தப் பிள்ளை பின்தங்கி நின்றது என்பனவே இங்கு நாம் எண்ணிப்பார்க்க இருப்பவை.

ஆசிரியர் ஒருவர் முன்னே நின்று பேசுகிறார். ஒரே வயதுடைய நாற்பது பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, ஒரே பாடத்தை, ஒரே நாளில், ஒரே வேகத்தில் கற்கிறார்கள். பள்ளி என்றதும் நம் மனத்தில் எழும் படம் இதுதான். என்றென்றும் இப்படித்தான் இருந்தது என்றும் நாம் நம்பிவிட்டோம். உண்மையில் இந்த ஏற்பாட்டிற்கு நம் நாட்டுப்புறத்தில் வயது ஏறத்தாழ நூற்றைம்பதுதான்.

1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களில் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கின்றனர் என்று கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களைப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் அதன் முடிவு காணப்படுகிறது. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். இரும்பை உள்ளிட்ட பகுதி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டம். அம்மாவட்டத்திற்குக் கிடைத்த எண்கள் 875 பள்ளிகள், 10,523 மாணாக்கர் என்பனவாகும். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். இந்தப் பன்னிரண்டு என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அப்பள்ளிகள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தவை. விசயதசமியன்று பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பரப்பிய மணலில் ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பார். பிள்ளை எழுத்தை வாயால் ஒலித்துக்கொண்டே விரலால் எழுதும். கை, கண், காது, நா நான்கும் ஒருசேரத் தொழிற்படும். மணலில் கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று என்று படி ஏறும். இங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவினை கிடையாது. ஒருவன் ஒரு சுவடியை முடித்தால் அடுத்த சுவடியைத் தொடுவான். முடிக்காதவன் முடிக்கும் வரை அதிலேயே இருப்பான். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் வேறொரு சுவடியில் இருப்பான். மூத்தவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியர் ஒருவரே எல்லாருக்கும் தனித்தனியே பாடங்கேட்பார். பன்னிருவர் என்பதால் அது கூடிற்று.

இந்தத் திண்ணை முறை கடல் கடந்து சென்ற கதை சுவையானது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்துப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் குதிரையில் போகும்போது, ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டாராம். (தமிழரையும் ‘மலபாரிகள்’ என்றழைப்பது அக்காலத்து ஐரோப்பியர் வழக்கம்.) தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னபோது உதவியாசிரியர் இது நடவாது என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்புப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பெரியவரால் இயலாதெனப்பட்டது சிறுவனால் இயன்றது. மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1797-இல் பெல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

பரவியபோது என்ன நேர்ந்தது என்பதுதான் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்திற்குக் குறைந்த செலவில் ஏராளமான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. இதே காலத்தில் இத்தகைய முறையைக் கையாண்ட ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரைக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று பெருமையுடன் கூறினார். நீண்ட கூடம்; அணியணியாகப் பிள்ளைகள்; அணிக்கொரு மாணவத் தலைவன்; கட்டளைக்கேற்ப எழுந்து அமரும் ஒழுங்கு. திண்ணையின் சட்டாம்பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தான்; திண்ணையின் பன்னிரண்டு போய்ச் சேரவில்லை. முறையை எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டார்கள். பின்னர் வந்த பல கல்விச் சீர்திருத்தங்களிலும் இதே கதை திரும்ப நிகழ்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமென்று புகழ்வாரும் உளர். அவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. விட்டத்துக் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ அப்பள்ளியின் தண்டனைகளுள் ஒன்று. பொருளுணராமல் நெட்டுருச் செய்தலே அங்கே கல்வியின் பெரும்பகுதி. யாவற்றினும் மேலாக, அந்தப் பன்னிருவர் யார் என்று கேட்க வேண்டும். தென்னார்க்காட்டின் 10,523 மாணாக்கருள் பெண்பிள்ளைகள் 104 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறும் உரிமையே பெரும்பாலும் இல்லை. கூட்டம் குறைவாக இருந்ததற்கு வாயில் குறுகலாக இருந்ததும் ஒரு காரணம்.

அவ்வாயிலை அகலப்படுத்தும் முயற்சிகளுள் ஒன்று, இரும்பைக்கு அண்மையிலுள்ள புதுவையிலேயே தொடங்கியது. 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் ஆண்டகையின் தலைமையில் கூடிய புதுவைத் திருச்சங்கம், பெண்கல்வியைத் திருச்சபையின் கடமைகளுள் ஒன்றாக ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் லூயி சவினியன் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக்கொண்டே மரியாயின் மாசற்ற இருதயச் சகோதரிகள் சபையை நிறுவினார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அதன் முதற்பணி. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணைக் குடும்பங்கள் ஐயத்தோடு நோக்கிய நாளில் இது எளிதாக நடந்துவிடவில்லை. சாதி வேற்றுமை அங்கும் உள்ளே நுழைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கற்பிக்கும் முறையில் பெருந்திருப்பத்தைக் கொணர்ந்தது 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை. அரசு வகுத்த விதிகளுக்கு உட்படும் பள்ளிகளுக்கு மானியம் என்றது அது. மானியம் என்றால் ஆய்வாளர். ஆய்வாளர் என்றால் வருகைப் பதிவேடு, கால அட்டவணை, வகுப்புப் பிரிவு. 1862-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ‘தேர்வு முடிவுக்கேற்ற ஊதியம்’ என்னும் கொள்கை, அப்பத்தாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஆய்வாளர் வரும் நாளில் இத்தனை பிள்ளைகள் வாசித்துக் காட்டினால் இவ்வளவு தொகை என்பது கணக்கு. ஊர் மக்கள் தந்த நெல்லையும் காசையும் நம்பியிருந்த திண்ணை ஆசிரியர் இப்போது மானியத்தை நம்பினார். எந்தப் பிள்ளை தேறும், எந்தப் பிள்ளை தேறாது என்று முன்கூட்டியே கணித்து, தேறக்கூடியவன்மீது மட்டும் உழைக்கும் பழக்கம் வகுப்பறைக்குள் நுழைந்தது அப்போதுதான். தேறாதவன் கடைசி வரிசைக்குச் சென்றான். திண்ணையில் கடைசி வரிசை என்று ஒன்று இருந்ததில்லை.

இதற்கு மாற்றுக் குரல் எழாமல் இல்லை. 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த அரவிந்தர், அதையொட்டிய காலத்தில் எழுதிய தேசியக் கல்வி பற்றிய கட்டுரைகளில், ஆசிரியர் அறிவைத் திணிப்பவர் அல்லர், மாணவன் தானே கண்டடைவதற்குத் துணைநிற்பவர் என்ற கருத்தை வலியுறுத்தினார். 1943-இல் ஆசிரமத்தில் அன்னை தொடங்கிய பள்ளி இதையே நடைமுறையாக்க முனைந்தது. ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் முன்னேறுவதே அங்கு நெறி. பின்னாளில் ஆரோவில்லைச் சூழ்ந்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென எழுந்த பள்ளிகளிலும் அந்நெறியின் சாயலைக் காணலாம். ஆனால் அவை சிறிய பள்ளிகள். ஊர்ப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் சென்றது அரசுப் பள்ளிக்கே.

அரசுப் பள்ளியின் வாயிலை உண்மையாகவே அகலத் திறந்தது சோறு. 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும் அதுவரை ஆடு மேய்த்த, களை பறித்த கைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. தம் குடும்பத்தில் எவரும் எழுத்தறியாத முதல் தலைமுறைப் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. புத்தகம் வைக்கத் தனியிடம் இல்லை. முந்திரிப் பருவத்திலும் அறுவடைப் பருவத்திலும் வீட்டில் கைகள் தேவைப்படும். இரண்டு வாரம் வராத பிள்ளை திரும்பி வரும்போது, ஒரே வேகத்தில் ஓடும் வகுப்பு இரண்டு பாடங்களைத் தாண்டியிருக்கும். விட்ட பாடம் விட்டதுதான். வாயில் அகன்றதும், உள்ளே இருந்த முறை அவர்களுக்காக மாறாததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. பிள்ளைக்கு மூளை இல்லை என்று வீட்டாரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவுகட்டிய நேர்வுகள் எத்தனையோ!

இந்த இக்கட்டை உணர்ந்து வந்த முயற்சியே செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளில் உருவான முறை அது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் முதலில் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்திற்குப் பொறுப்பேற்றபோது மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. கற்றல் ஏணி சுவரில் ஏறியது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து அமர்ந்து, அவரவர் ஏணிப்படியில் அவரவர் ஏறினர். விடுப்பில் சென்றவன் தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். மூத்தவன் இளையவனுக்கு உதவினான். சட்டாம்பிள்ளை, பிரம்பில்லாமல், மீண்டும் வந்துவிட்டான் எனலாம்!

இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டிய ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது பெருந்துணை. ஆனால் முப்பது, நாற்பது பேர் இருந்த அறைகளில் ஒவ்வொருவரும் வெவ்வேறு அட்டையைக் கையில் வைத்திருக்க, ஒரே ஆசிரியர் அத்தனை பேரையும் தனித்தனியே மதிப்பிடுவது எங்ஙனம்? பதிவேடு நிரம்பியது, பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்று நின்று கேட்க நேரம் குறைந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுத்தது. முன்னேற்றந்தான், ஐயமில்லை. எனினும் பன்னிரண்டு எங்கே, முப்பது எங்கே?

2020 மார்ச்சில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் தமிழகத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையே அந்த ஒன்றரை ஆண்டு ஒரு பள்ளத்தைத் தோண்டிவிட்டது. நாட்டின் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பெற்ற ‘அசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2022-இல் நூற்றுக்கு 42.8, 2024-இல் 48.8. தொற்றுக்கு முன்பே, 2018-இல், அது பாதியளவில்தான் நின்றது என்பதையும் மறக்கலாகாது. நோயின்மீது மட்டும் பழிபோட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள் முன்னர், 2021 அக்டோபர் 27 அன்று, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்த இடம் நம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். மாலை ஐந்து மணிக்குமேல் தெருவிலும் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகள் கூடினர். அந்தந்த ஊரின் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்பது அளவு. கல்வி மீண்டும் திண்ணைக்கு வந்தது. இம்முறை அதில் பெண்பிள்ளைகளும் இருந்தனர், கற்பித்தவர்களும் பெண்களாயிருந்தனர். 1822-இன் கணக்கில் 104 என்ற எண்ணைக் கண்டவர்களுக்கு இது சிறு செய்தியன்று.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்கநிலைப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்தது. எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்த்த முறை அது. பெயர்களும் அழகியவை, ‘மக்கு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘அரும்பு’ என்ற சொல்லைத் தேர்ந்தவர் எவராயினும் அவர் பிள்ளைகளின் மனமறிந்தவர்.

ஆனால் தொடக்கப்பள்ளியைத் தாண்டியதும் அரும்புகளை மறுபடியும் வரிசையில் உட்கார வைக்கிறோம். ஆறாம் வகுப்பில் பாடத்திற்கொரு ஆசிரியர். நாற்பது நிமிடத்திற்கொரு மணி. வாசிக்க வராத பிள்ளை அங்கே பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் படியெடுத்து, குறிப்பேட்டை அழகாக வைத்திருந்து, ஆண்டுகள் கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் தப்பிக்கிறது. இத்தகைய பிள்ளைகளுக்கென்றே 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளில் ‘திறன்’ என்னும் பயிற்சி தொடங்கப்பெற்றது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குகிறான். திண்ணையில் அது எவர் கண்ணையும் உறுத்தியிராது. அங்கே வயதும் சுவடியும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி இல்லை. இங்கே அவன் தோழர்களின் பார்வையைத் தாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்து அவன் ஒன்பதாம் வகுப்பைக் கடந்தாலும், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவன் கைக்கு வருவது மற்றவர்களுக்கு வரும் அதே வினாத்தாள்தான்.